'ஆம்' போடாத நாவல்: எம்மா பொவாரி மீதான வழக்கு

1857 ஜனவரி 29ஆம் திகதி பரிஸ் நகரின் குற்றவியல் மன்றம் ஒன்றில் மூன்று பேர் எதிரிகளாக நின்றார்கள். ஒருவர் எழுத்தாளர், ஒருவர் சஞ்சிகைக்காரர், மற்றவர் அச்சகக்காரர். ஆனால் அன்று நாள் முழுக்கப் பேசப்பட்டது நாலாவதாக ஒரு ஆளைப் பற்றி. அவள் அங்கே வரவில்லை, வரவும் முடியாது. அவள் நாவலில் வருகிற பெண். அந்த நாவலிலேயே ஆர்செனிக் தின்று செத்தும் போய்விட்டாள்.

குஸ்தாவ் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'யை எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுத்தபோது இந்த வழக்கைப் பற்றி எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தோம். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் ஒருவர் சொன்னார்: "இவவுக்கு என்ன குறை? அடிக்காத மனுசன், ஒரு பிள்ளை, வீடு, வேலைக்காரி." அடுத்த கதிரையிலிருந்து உடனே பதில் வந்தது: "அப்ப நீங்க அந்த மனுசனோட அந்த ஊரில இருந்து பாருங்கோவன்." பிறகு ஒன்றரை மணித்தியாலம் எம்மா நல்லவளா கெட்டவளா என்பதுதான் கதை. நாவல் எழுதப்பட்ட விதம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் வழக்கின் விபரங்களைத் தேடி வாசித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அரச வழக்குத்தொடுநர் கேட்ட கேள்வியைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

வாசிக்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. நோர்மண்டியில் ஒரு பண்ணைக்காரரின் மகள் எம்மா. ரூவான் நகரிலுள்ள கன்னியர் மடத்தில் படித்தவள். அங்கே களவாக வாசித்த காதல் கதைகளும் வோல்டர் ஸ்கொட்டின் நாவல்களும் அவளுக்குள் வேறொரு உலகத்தை உண்டாக்கி விடுகின்றன. சார்ள்ஸ் பொவாரியைக் கட்டுகிறாள். சார்ள்ஸ் முழு டொக்டர் அல்ல. அதற்குக் கீழ்த்தரமான ஒரு வைத்திய உத்தியோகத்தன். நல்லவன், மந்தமானவன், அவள் மேல் உயிரானவன். முதலில் ரொடொல்ஃப் என்ற நிலச்சுவாந்தரோடும் பிறகு லெயோன் என்ற இளம் எழுதுவினைஞனோடும் எம்மாவுக்கு உறவு ஏற்படுகிறது. இதற்கிடையில் லெரூ என்ற துணிக்கடைக்காரனிடம் கடனுக்குச் சாமான் வாங்கி வாங்கி, கடைசியில் 8000 பிராங்குக்கு வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய ஆட்கள் வருகிறார்கள். காதலர் இருவரும் கைவிட, மருந்துக்கடைக்குள் புகுந்து நஞ்சை அள்ளித் தின்கிறாள்.

இந்தக் கதையில் தனியாக அதிர்ச்சி தருகிற விசயம் எதுவும் இல்லை. கணவனை ஏமாற்றும் பெண்கள் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கதைகளில் நிறையவே இருந்தார்கள். பிறகு ஏன் வழக்கு?

ஒரு காரணம் அரசியல். 1851 டிசம்பரில் சதிப்புரட்சி செய்து, அடுத்த வருடம் பேரரசராக முடிசூடிக்கொண்ட மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி பத்திரிகைகள் மேல் கண் வைத்திருந்தது. நாவல் 1856 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடராக வந்த 'ரெவ்யூ த பரிஸ்' தாராளவாதிகளின் சஞ்சிகை. ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருந்தது. இரண்டு வருடத்துக்குள் அரசு அதை மூடியும் விட்டது. ஃப்ளோபேரே தன்னைச் சாட்டாக வைத்துச் சஞ்சிகையைத்தான் அடிக்கிறார்கள் என்று நம்பினார்.

ஆனால் அரசியலோடு மட்டும் நிறுத்தினால் எர்னெஸ்ட் பினாரைக் குறைத்து மதிப்பிட்டதாகி விடும். பினார்தான் அரச வழக்குத்தொடுநர். வயது 34, ஃப்ளோபேரை விட ஒரு வயது இளையவர். இலக்கிய வரலாற்றில் அவரை ஒரு முட்டாளாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். அவருடைய உரையை வாசித்தால் அப்படித் தெரியவில்லை. எங்கள் அபிப்பிராயத்தில் அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் நாவலை மிகக் கவனமாக வாசித்தவர் அவர்தான். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது அவருக்குச் சரியாகவே தெரிந்திருந்தது.

அவர் பிடித்த இடம் இது. ரொடொல்ஃபோடு முதன்முதல் காட்டுக்குள் போய்வந்த எம்மா, தன் அறையில் கண்ணாடி முன் நிற்கிறாள். முகம் தனக்கே புதிதாக இருக்கிறது. தனக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். இரண்டாம் முறை பருவமடைந்தவள் போல மகிழ்கிறாள். தான் வாசித்த புத்தகங்களின் நாயகிகள் எல்லோரும் நினைவில் வந்து கூடிப் பாடுகிறார்கள். பினார் சொன்னது: அவள் தவறி விழுந்ததை விட மோசமானது இதுதான், ஏனென்றால் இங்கே பிறன்மனை உறவு போற்றப்படுகிறது.

போற்றுவது யார்? எழுத்தாளரா, எம்மாவா?

தமிழ்க்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. எங்களிடம் 'ஆம்' என்று ஒரு சின்ன விகுதி இருக்கிறது. "அவவுக்கு இந்த ஊர் பிடிக்கேல்லையாம்" என்று சொல்லும்போது, ஊர் பிடிக்காதது அவவுக்கு, சொல்பவருக்கு அதில் பங்கில்லை. ஒரே ஒரு 'ஆம்'-ஐப் போட்டுவிட்டுச் சொல்பவர் கையைக் கழுவிக்கொள்ளலாம். ஊர்க்கதை முழுக்க அதிலேதான் ஓடுகிறது. மனதுக்குள் நடப்பதைச் சொல்ல 'என்று நினைத்தாள்' இருக்கிறது. அதுவும் ஒரு வேலிதான்: வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம், இந்தப் பக்கம் கதை சொல்லி.

எங்கள் சொந்த உதாரணம் ஒன்று. "இந்த மழை ஒருநாளும் விடாது என்று அவள் நினைத்தாள்." இதில் குழப்பமில்லை. இனி இப்படி எழுதிப் பாருங்கள்: "அவள் யன்னலடியில் நின்றாள். தெருவில் ஒருவரும் இல்லை. இந்த மழை ஒருநாளும் விடாது." கடைசி வாக்கியத்தைச் சொன்னது யார்? இலக்கணப்படி கதை சொல்லி. அந்த அலுப்பு அவளுடையது. வேலியைப் பிடுங்கி விட்டார்கள்.

ஃப்ளோபேர் செய்தது இதைத்தான். அவர்தான் கண்டுபிடித்தார் என்றில்லை. அவருக்கு நாற்பது வருடம் முன்பே ஜேன் ஒஸ்ரின் இதை அழகாகக் கையாண்டிருக்கிறார். ஆனால் ஒஸ்ரினில் கதை சொல்லியின் புன்சிரிப்பு எப்போதும் பக்கத்தில் இருக்கும். எங்கே சிரிக்க வேண்டும் என்று நாங்கள் தடுமாறுவது குறைவு. ஃப்ளோபேர் அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட்டார். எம்மாவின் கனவுகள் அசட்டுத்தனமானவை, இரவல் சரக்கு. இத்தாலி, வள்ளங்கள், நிலவு, கிட்டார் எல்லாம் புத்தகத்திலிருந்து வந்தவை. அது வாசிக்கிற எங்களுக்கும் தெரிகிறது. ஆனால் அந்தக் கனவுகளின் வாக்கியங்கள் நாவலிலேயே மிக அழகான வாக்கியங்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கப் போகிற நேரத்தில் அவளுடைய ஏக்கம் எங்களுக்குள் வந்து விடுகிறது. இரண்டு பக்கம் கழித்து அவள் குழந்தையைத் தள்ளிவிடுகிறாள். குழந்தை விழுந்து கன்னத்தில் வெட்டுக் காயம். அப்போது ஏங்கிய நாங்களும் கூட நிற்கிறோம்.

சிக்கலான பாத்திரம் என்றால் நல்ல குணமும் கெட்ட குணமும் கலந்தது என்றுதான் பரீட்சைக்கு எழுதிப் பழகியிருக்கிறோம். எம்மாவின் குணங்களைப் பட்டியல் போட்டால் அவள் அப்படியொன்றும் சிக்கலானவள் அல்ல. கொஞ்சம் சுயநலம், கொஞ்சம் பொய், நிறையப் பேராசை. அவளை நாங்கள் எந்தத் தூரத்தில் நின்று பார்க்கிறோம் என்பது ஒவ்வொரு பந்தியிலும் மாறுகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நாவலின் முதல் சொல்லே 'நாங்கள்'. ஒரு வகுப்பறை, புதுப் பையனாக சார்ள்ஸ் வருகிறான், விநோதமான ஒரு தொப்பியோடு. எல்லோரும் சிரிக்கிறார்கள். சொல்பவரும் அந்தச் சிரிப்பில் ஒருவர். சில பக்கங்களில் அந்த 'நாங்கள்' மறைந்து போகிறது, திரும்பி வருவதே இல்லை. நாங்களும் நாங்கள் என்றே எழுதிக்கொண்டிருப்பதாலோ என்னவோ, இந்தத் தொடக்கம் எங்களை விடவில்லை. ஒருவரைக் கூட்டமாகப் பார்த்துச் சிரிப்பதில்தான் நாவல் எங்களைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. பிறகு கூட்டம் கலைந்து விடுகிறது, தனியே விடப்படுகிறோம்.

எம்மாவும் நேராக வருவதில்லை. சார்ள்ஸின் கண்ணால்தான் வருகிறாள். பண்ணை வீட்டில் தைக்கும்போது ஊசி குத்திய விரலைச் சூப்புகிறாள்; அவளுடைய நகங்களின் வெண்மை அவனுக்குத் தெரிகிறது. கலியாணம் முடிந்து ஊருக்கு வந்த பிறகுதான் அவள் தலைக்குள் நாங்கள் நுழைகிறோம். அவளுடைய கண்களின் நிறம் கூட நிலையாக இல்லை. ஒரு இடத்தில் மண்ணிறம், ஒரு இடத்தில் கறுப்பு, ஒரு இடத்தில் கருநீலம். இதை ஃப்ளோபேரின் கவனக்குறைவு என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த மனுசன், இந்த நாவலுக்கே 1851 இலிருந்து 1856 வரை கிட்டத்தட்ட ஐந்து வருடம் செலவழித்தவர், கண்ணின் நிறத்தை மறந்திருப்பார் என்று நம்புவது கஷ்டம். யார் பார்க்கிறார்கள், எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார்கள் என்பதில் நிறம் மாறுகிறது.

இன்னொரு இடம் விவசாயக் கண்காட்சி. யொன்வில் கிராமமே சதுக்கத்தில் கூடியிருக்கிறது. மேடையில் அரசாங்க உத்தியோகத்தர் முழங்குகிறார். மேலே நகரமண்டபத்தின் முதலாம் மாடியில், ஒருவரும் இல்லாத அறையில், ரொடொல்ஃப் எம்மாவின் காதில் விதி, ஆத்மா, காந்த சக்தி என்று ஓதிக்கொண்டிருக்கிறான். ஃப்ளோபேர் இரண்டையும் வெட்டி வெட்டிக் கோர்க்கிறார். மேலே ஒரு காதல் வசனம், கீழே எருவுக்குப் பரிசு. மேலே நித்தியம், கீழே பன்றிக்குப் பரிசு. இப்போது சினிமாவில் இதைத் தினமும் பார்க்கிறோம், அன்றைக்கு யாரும் இப்படி எழுதிப் பார்த்ததில்லை. கதை சொல்லி ஒரு விமர்சனமும் சொல்வதில்லை. ரொடொல்ஃபின் பேச்சும் மேடைப் பேச்சும் ஒரே தேய்ந்த சரக்கு என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காட்டிவிடுகிறார். எம்மாவுக்கு மட்டும் அது கேட்பதில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு கிழவி மேடைக்கு வருகிறாள். பெயர் கத்ரீன் லெரூ (கடன்காரன் லெரூவுக்கும் இவவுக்கும் சம்பந்தமில்லை, தமிழில் எழுதும்போது பெயர் ஒன்றாகிவிடுகிறது). ஒரே பண்ணையில் 54 வருடம் வேலை செய்ததற்காக 25 பிராங்கு பெறுமதியான வெள்ளிப் பதக்கம். காதலும் இல்லை, கனவும் இல்லை, மாடுகளோடு வாழ்ந்து மாடு மாதிரியே அமைதியாகிப் போன ஒரு மனுசி. நாவலில் இவ வருவது ஒன்றரைப் பக்கம். ஆனால் எம்மாவின் துயரத்தை இதற்குப் பிறகு முன்பு போல் வாசிக்க முடியவில்லை. எங்களில் ஒருவர் தோட்டத்தில் வளர்ந்தவர். இந்தப் பக்கம் வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் எம்மாவுக்காக வாதாடினோம்.

மூன்றாவது உத்தி இதற்கு நேர் எதிர். எம்மாவின் தலைக்குள் இவ்வளவு தூரம் போன நாவல், தேவைப்படும்போது கதவைச் சாத்தி விடுகிறது. லெயோனோடு ரூவான் நகரில் திரை மூடிய ஒரு வாடகைக் குதிரை வண்டி மணித்தியாலக்கணக்காக ஓடுகிறது. வண்டிக்காரனுக்குக் களைப்பு, தாகம், எங்கே போவதென்றும் தெரியாது. தெருக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒரு வெறுங்கை வெளியே வந்து கிழித்த கடதாசியை வீசுகிறது. முந்தின இரவு லெயோனை மறுத்து அவள் எழுதிய கடிதம் அது. உள்ளே நடந்தது பற்றி ஒரு சொல்லும் இல்லை. சஞ்சிகைக்காரர்கள் இந்தக் காட்சிக்குத்தான் பயந்தார்கள். குறிப்பொன்று போட்டு வெட்டினார்கள். வெட்டியதால் வாசகர்கள் இல்லாததையெல்லாம் கற்பனை செய்தார்கள். ஃப்ளோபேர் அடுத்த இதழில் மறுப்புக் குறிப்பு எழுதினார். இப்படித்தான் அரசின் கண்ணில் நன்றாகப் பட்டது.

இனி நீதிமன்றம். பினாரின் உரையில் எங்களைத் தூக்கிவாரிப்போட்ட பகுதி அவர் சாட்சிகளைத் தேடும் இடம். இந்தப் புத்தகத்துக்குள் இந்தப் பெண்ணைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்கிறார். கணவனா? அவன் அவளுடைய கடிதங்களைக் கண்ட பிறகும் அவளை நேசிக்கிறான். பாதிரியாரா? அவர் ஒரு கேலிச்சித்திரம். மருந்துக்கடை ஒமேயா? அதை விடக் கேலி. ஒருவரும் இல்லை, புத்தகத்தில் எல்லோருக்கும் மேலே நிற்பது எம்மா ஒருத்திதான், ஆகவே சட்டமும் கிறிஸ்தவ ஒழுக்கமும் வெளியிலிருந்து வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு 'ஆம்'. ஃப்ளோபேர் எங்காவது ஒரு இடத்தில் "இது அவளுடைய நினைப்பு, என்னுடையது அல்ல" என்று வேலி போட்டிருந்தால் வழக்கே இல்லை. இந்த உத்திக்கு அப்போது பெயர் கூட இருக்கவில்லை. பிரெஞ்சில் அதற்குப் பெயர் வைத்தவர் சார்ள்ஸ் பாயி என்ற சுவிஸ் மொழியியலாளர், 1912இல். பெயரில்லாத ஒரு இலக்கண வடிவத்தை ஒரு வழக்குத்தொடுநர் மோப்பம் பிடித்துவிட்டார்.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரான்சில் விவாகரத்து 1816இல் ஒழிக்கப்பட்டு 1884இல்தான் திரும்ப வந்தது. எம்மாவின் ஆயுள் முழுக்க அந்தக் கதவு பூட்டியே கிடந்தது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி பிறன்மனை உறவு கொண்ட மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. கணவனுக்கோ, வைப்பாட்டியைக் குடும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து வைத்திருந்தால் மட்டும் தண்டம். பினார் பேசிய 'ஒழுக்கம்' இதுதான். பொவாரி வீட்டில் கண்டிக்கப்பட வேண்டிய வேறு யாரையும் அவருக்குத் தெரியவில்லை. ரொடொல்ஃபைக் கண்டிக்க ஆள் தேடவில்லை. 

ஃப்ளோபேருக்காக ஆஜரான சட்டத்தரணி ஜூல் செனார், ரூவான்காரர், குடும்ப நண்பர், 1848இல் உள்துறை அமைச்சராக இருந்தவர். நாலு மணித்தியாலம் பேசினார். இந்த நாவல் தீமையைக் காட்டி நன்மையின்பால் தூண்டுகிறது, தகுதிக்கு மீறிய படிப்பைப் பெண்களுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எச்சரிக்கிறது, ஆசிரியர் கௌரவமான டொக்டர் குடும்பத்துப் பிள்ளை, பாருங்கள் எவ்வளவு கொடூரமாக அவளைச் சாகடித்திருக்கிறார் என்று வாதாடினார். வென்றும் விட்டார். ஆனால் அவர் காப்பாற்றிய புத்தகம் எங்களுக்கு வேறு ஏதோ புத்தகம் போலத்தான் படுகிறது. ஃப்ளோபேர் போடாத 'ஆம்'-ஐ ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் செனார் போட்டுக்கொடுத்தார். எதிரி நாவலைச் சரியாக வாசித்தார், நண்பர் பிழையாக வாசித்துக் காப்பாற்றினார். ஃப்ளோபேர் அவருக்கு நன்றியாக நாவலைச் சமர்ப்பணம் செய்தார், முதல் பக்கத்தில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

பெப்ரவரி 7ஆம் திகதி மூவரும் விடுதலை. ஆனால் தீர்ப்பு புத்தகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இலக்கியத்தின் பணி மனதை உயர்த்துவது, கண்டதையெல்லாம் உள்ளபடி வரைவதல்ல என்ற தோரணையில். அதே வருடம் ஓகஸ்ட் மாதம் அதே பினார் போதலேரைக் கூண்டில் ஏற்றினார். கவிஞருக்குத் தண்டமும் ஆறு கவிதைகளுக்குத் தடையும் கிடைத்தன. அந்தத் தடை நீங்கியது 1949இல். 'மதாம் பொவாரி' ஏப்ரலில் புத்தகமாக வந்தது. வழக்கே விளம்பரமாகி நன்றாக விற்றது. ஃப்ளோபேருக்குப் பதிப்பாளர் கொடுத்தது 800 பிராங்கு. எம்மாவின் கடனில் சரியாகப் பத்தில் ஒன்று!

1886இல் முதல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. செய்தவர் எலினோர் மார்க்ஸ், கார்ல் மார்க்ஸின் கடைசி மகள். வேலியில்லாத அந்த வாக்கியங்களை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது லேசான வேலையல்ல. அவருக்குப் பிறகு வந்த மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அவரைத் திருத்தியிருக்கிறார்கள். தன்னோடு வாழ்ந்த மனிதனால் ஏமாற்றப்பட்டு, 1898இல், 43 வயதில் அவரும் நஞ்சருந்தி இறந்தார். இரண்டு சாவையும் ஒன்றாக்கிக் கதை கட்டுவது எங்களுக்குப் பிடிக்கவில்லை. எலினோர் தொழிற்சங்கப் போராளி, எம்மா அல்ல. ஆனாலும் அந்த மரணப் படுக்கை அத்தியாயத்தை ஆங்கிலத்தில் முதலில் எழுதிய கை அவருடையது என்பது தெரிந்த பிறகு அதை வாசிப்பது வேறு மாதிரி இருந்தது.

எங்கள் வட்டம் அடுத்த கிழமை திரும்பவும் கூடியது. இந்த முறை ஒரு விளையாட்டு வைத்தோம். கண்ணாடிக் காட்சியை ஆளுக்கொருவராகத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும், 'என்று நினைத்தாள்' போடாமல், 'ஆம்' போடாமல். ஆறு பேர் முயன்றோம். நாலு பேர் மூன்றாவது வாக்கியத்தில் வேலி போட்டுவிட்டோம். தெரிந்து போட்டதல்ல, தானாக வந்தது. போடாமல் சொல்லி முடித்த இரண்டு பேரில் ஒருவர், முதல் கூட்டத்தில் "இவவுக்கு என்ன குறை" என்று கேட்டவர். சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு இப்பவும் அவவைப் பிடிக்கேல்லை" என்றார்.